ஏன் பத்தொன்பது?

காலை ஆறு பத்து. பதினாறு குடம். மெஹ்ருன்னிசா.

குழாயில் தண்ணீர் வரும் அரை மணி நேரத்தில் என் மனைவி பதினாறு குடம் பிடிப்பாள். அதற்குள் பக்கத்து வீட்டுச் சரசுவிடம் மதில் சுவர் வழியாக ஊர்க்கதை முழுவதும் பேசி முடிப்பாள். நான் முப்பது வருஷம் பத்திரிகையில் பிழை திருத்தியவன். அவள் பேச்சில் முற்றுப்புள்ளி வைக்க இடம் கிடைத்ததில்லை.

பௌர்ணமிக்கு மூன்று நாள் கீழ்பென்னாத்தூரில் தம்பி வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள். எனக்கு வெந்நீர் மட்டும்தான் வைக்கத் தெரியும். கிரிவலக் கூட்டத்தில் எந்த ஓட்டலிலும் உட்கார இடம் கிடைக்காது. அதனால் பந்தயம் கட்டினேன்.

"தண்ணி நிக்கிற வரைக்கும் யாரு ஜாஸ்தி பேசறாங்களோ அவங்க தோத்தாங்க. நீ தோத்தா ஊருக்குப் போகக்கூடாது."

"நீங்க தோத்தா?"

"தாராளமா போய்ட்டு வா."

"சரசு, நீயே எண்ணு. ஒரு பேச்சுக்கு ஒரு புளியங்கொட்டை. அவருக்கு அந்தச் சொம்பு, எனக்கு இது."

"சரிக்கா."

குழாய் சீறியது. மூன்று குடம் நிறைந்தது. அவள் வாய் திறக்கவில்லை. சும்மா ஜெயிப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

"உன்னை மாதிரி ஆளுங்க பேச்சைத்தான் இங்கிலீஷ்ல 'நைன்டீன் டு தி டஸன்'னு சொல்வாங்க."

"அப்டீன்னா?"

"பன்னெண்டு வார்த்தை போதும்ங்கிற எடத்துல, மூச்சு விடாம பத்தொம்பது பேசறது."

"ஏன் பத்தொம்பது?"

முப்பது வருஷத்தில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி.

"கார்ன்வால்னு ஒரு ஊரு. அங்க சுரங்கத்துல தண்ணி பூந்துடும். நீராவி பம்பு வெச்சு எறைச்சாங்க. பன்னெண்டு புஷல் கரிக்குப் பத்தொம்பதாயிரம் கேலன் தண்ணி. புஷல்னா நம்ம மரக்கா மாதிரி ஒரு அளவு. அதுலேர்ந்து வந்துச்சுன்னு சொல்றாங்க. ஆதாரம்னு கேட்டா கெடையாது."

"அப்புறம்?"

அப்புறமும் சொன்னேன். நீராவி பம்பைப் பற்றிச் சொன்னேன். கேலனுக்கு எத்தனை லிட்டர் என்று சொன்னேன். மரக்காலுக்கு எத்தனை படி என்றும் சொன்னேன்.

"பாய், புளியங்கொட்டை தீந்துடுச்சு" என்றாள் சரசு. "வேர்க்கடலை போடட்டா?"

குழாய் விக்கி நின்றது. என் சொம்பில் அறுபத்திரண்டு. மெஹ்ருன்னிசாவுக்கு மூன்று.

"இந்தப் பத்தொம்பது கதையை நீங்க எழுதி வெச்சிருந்ததை நேத்தே உங்க மேசையில படிச்சேங்க" என்றாள், பதினாறாவது குடத்தைத் தூக்கியபடி. "நீங்க சொல்றதைவிட எழுதினது கம்மி."

அக்டோபர் 6, திங்கட்கிழமை, பௌர்ணமி. மெஹ்ருன்னிசா காலை ஏழு மணி பஸ்ஸில் கீழ்பென்னாத்தூர் போனாள். நான் வெந்நீர் வைத்தேன்.