கூரை ஒழுகலைக் காப்பாற்றியவர்

நாய் வளர்ப்பவர்களை உங்களுக்குத் தெரியும். பூனை வளர்ப்பவர்கள், புறா வளர்ப்பவர்கள், தொட்டியில் ரோஜா வளர்ப்பவர்கள், ஒன்றுக்கும் வசதியில்லாமல் மீசை மட்டும் வளர்ப்பவர்கள், எல்லாரையும் பார்த்திருப்பீர்கள். குறை வளர்ப்பவரைப் பார்த்திருக்கிறீர்களா? உங்கள் தெருவில் கட்டாயம் ஒருவர் இருப்பார். அவரிடம் ஒரே ஒரு குறைதான் இருக்கும். அதைக் குளிப்பாட்டி, தலை வாரி, வேளாவேளைக்குத் தீனி போட்டு, வருகிறவர் போகிறவர் முன்னால் எல்லாம் நடக்கவிட்டுக் காட்டுவார். நீங்கள் பார்த்து உச்சுக் கொட்டலாம். தலையை ஆட்டலாம். அதைத் தீர்த்துவைக்கிறேன் என்று மட்டும் வாயைத் திறந்துவிடாதீர்கள். கடிக்கும்.

இந்த இனத்தின் அசல் மாதிரி ஒருவர் அரசாங்கக் குடியிருப்பின் மேல்மாடியில் வசிக்கிறார். பேருந்துப் பணிமனையில் வண்டி வந்த நேரமும் போன நேரமும் குறிக்கிற வேலை. அது வெறும் வயிற்றுப் பிழைப்பு. அவருடைய உண்மையான உத்தியோகம், தன் வீட்டுக் கூடத்தின் கூரை ஒழுகுவதைப் பராமரிப்பது. குடியிருப்பே அவரை ஒழுகல்காரர் என்றுதான் சொல்லும். அவருக்கு அதில் வருத்தமில்லை. சிலருக்கு டாக்டர், சிலருக்கு வக்கீல், அவருக்கு இது.

மழை வந்தால் மற்ற வீடுகளில் ஜன்னலைச் சாத்துவார்கள். அவர் வீட்டில் நாற்காலி போடுவார்கள். விருந்தாளி தெரியாமல் எங்காவது உட்கார்ந்தால் எழுப்பிவிடுவார். "அங்க வேணாங்க, இங்க வாங்க. அங்கேர்ந்து நல்லாத் தெரியாது." சொட்டு விழும் இடத்தில் அலுமினியச் சட்டி. பிளாஸ்டிக் வாளி கூடாது, சத்தத்தில் கம்பீரம் வராது என்பது அவர் கட்சி. கூரையில் படர்ந்திருந்த பழுப்புக் கறையின் ஓரத்தில், ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் ஸ்டூல் போட்டு ஏறிப் பென்சிலால் கோடு போடுவார், மற்றவர்கள் பிள்ளைகளின் உயரத்தைச் சுவரில் குறிப்பதுபோல. "போன வருஷம் இங்க இருந்திச்சு. இப்ப பாருங்க, மின்விசிறியத் தொட்டிடிச்சு." சொல்லும்போது குரலில் கோபம் இருக்கும். கண்ணில் இருப்பது பெருமை.

இந்தப் பெருமையில் பங்கு கேட்காதவர் ஒருவர்தான், அவருடைய மனைவி. அந்த அம்மாள் பள்ளிக்கூடத்துச் சீருடை தைப்பவர். வெளிச்சம் உள்ள இடம் கூடம் ஒன்றுதான். மழை வந்தால் தையல் இயந்திரத்தை இழுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய், அடுப்புக்கும் குழாய்க்கும் நடுவே முழங்கையை ஒடுக்கிக்கொண்டு தைக்க வேண்டும். போன மழையில் தைத்து மடித்து வைத்திருந்த வெள்ளைச் சட்டைகளின்மேல் பழுப்புத் தண்ணீர் இறங்கி, அத்தனையும் பாழ். சட்டை பாழானதைவிட அவளைச் சுட்டது வேறு. அன்றைக்கு வந்த விருந்தாளியிடம் அந்தச் சட்டைகளை அவர் ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினார்.

அன்றே தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். "அடுத்த மழைக்குள்ள இது நிக்கணும். நிக்கலேன்னா மெஷினைத் தூக்கிட்டு என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன். நீங்களும் உங்க சட்டியும் சேர்ந்து இருந்துக்குங்க."

அரசாங்கம் சும்மா இருந்தது என்று யாரும் பழி சொல்லக்கூடாது. குடியிருப்பு மேம்பாட்டுக்கென்று வருஷா வருஷம் நிதி வந்துகொண்டுதான் இருந்தது. முதலில் வந்த பணத்தில் தெருவைப் பார்த்த சுவர்களுக்கு மட்டும் வர்ணம் அடித்தார்கள், காரில் போகிற பெரிய மனிதர்கள் பின்பக்கம் வந்து பார்க்கப் போவதில்லையே. அடுத்து வந்த பணத்தில், இங்கே மேம்பாட்டுப் பணி நடக்கவிருக்கிறது என்று ஒரு பிரம்மாண்டமான பலகை வைத்தார்கள். பலகை அருமையான பலகை. அதன் கீழே ஒதுங்கினால் மழை படாது. அதற்கடுத்து முற்றத்தில் ஒரு செயற்கை நீரூற்று. கூரை ஒழுகும்போது ஊற்று எதற்கு என்று கேட்டவர்களுக்கு, குடியிருப்பைக் கவனிக்கும் பொறியாளர் பொறுமையாக விளக்கினார். இருக்கிற கூரையை ஒழுகாமல் செய்வது பராமரிப்பு. அது வேறு துறை. இல்லாத ஊற்றைக் கொண்டுவருவது மேம்பாடு. அதுதான் அவருடைய துறை. அந்த ஊற்றில் இன்றுவரை ஒரு சொட்டு வந்ததில்லை. பராமரிப்பு வேறு துறை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில், யார் கண் பட்டதோ, மேம்பாட்டுக் கணக்கிலேயே கூரைக்கு நிதி வந்துவிட்டது. நிதியாண்டு முடிவதற்குள் செலவழிக்காவிட்டால் பணம் வந்த வழியே திரும்பிவிடும் என்பதால், பொறியாளர் வீடு வீடாக ஓடிவந்தார். செய்தி கேட்டு மனைவிக்குப் பாதி உயிர் வந்தது. ஒழுகல்காரருக்குப் பாதி உயிர் போனது.

"எல்லாம் கண்துடைப்பு" என்றார்.

பொறியாளர் கூடத்துக்கு வந்து அண்ணாந்து பார்த்தார். கறையைக் காட்டினார் நம்மவர். கோடுகளைக் காட்டினார். கறை வேறு, ஒழுகல் வேறு என்றுவிட்டார் பொறியாளர். சொட்டு விழுவதைக் கண்ணால் பார்த்தால்தான் எழுத முடியும், அதுதான் விதி. அப்படியானால் மழைக்காலத்தில் வாருங்கள் என்று மனைவி சொன்னாள். மழைக்காலத்தில் மொட்டை மாடி வழுக்கும், அதனால் ஆய்வு எல்லாம் கோடையில் மட்டும். அதுவும் விதி. அடுத்த வாரம் இன்னொரு தடவை வருகிறேன், அதற்குள் ஒழுகினால் பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மனைவி கணவனைப் பார்த்தாள். தங்கை வீடு அந்தப் பார்வையில் தெரிந்தது. அத்தோடு, தன் ஒழுகலைப் போய் ஒருவன் வெறும் கறை என்று சொல்லிவிட்டானே என்ற ரோஷமும் அவருக்குச் சேர்ந்துகொண்டது. எத்தனை பேர் முன்னால் ஒழுகிய கூரை.

அடுத்த வாரம் வந்தது. கீழே கூடத்தில் பொறியாளரை நாற்காலியில் உட்காரவைத்து மனைவி டீ கொடுக்க, மேலே மொட்டை மாடியில் ஒழுகல்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குடங் குடமாகத் தண்ணீரைக் கொண்டுபோய்க் கொட்டினார். மின்விசிறிக்கு நேர் மேலே இதுதான் என்று ஒரு கணக்கு. கொட்டினார், குப்புறப் படுத்துத் தரையில் காதை வைத்துக் கேட்டார், மறுபடி கொட்டினார். கூரைக்கும் ஒரு புத்தி உண்டு, அதற்கு வாட்டம் என்று பெயர். தண்ணீர் அவர் சொன்ன இடத்தில் நிற்காமல், தன் பாட்டுக்குச் சரிந்து பக்கத்து வீட்டுப் பக்கம் போய்விட்டது.

பக்கத்து வீட்டில் இருப்பவர் ஒரு தபால்காரர். பிறவியில் ஒரு குறையும் சொல்லத் தெரியாத மனிதர். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டில் சொட்டு விழுந்தது. என்னடா இது வெயில் காலத்தில் என்று அவர் வாசலில் வந்து கேட்க, பொறியாளர் டீயைக் கையில் எடுத்துக்கொண்டு அங்கே ஓடினார். அண்ணாந்தார். அவருடைய வழுக்கைத் தலையின் நட்ட நடுவில் ஒரு சொட்டு விழுந்தது.

நம்மவர் மூச்சிரைக்க இறங்கி வந்தபோது தபால்காரர் கெஞ்சிக்கொண்டிருந்தார். "சார், எங்க வீடு ஒழுகினதே இல்ல சார். அவங்க வீடுதான் சார்."

"நான் கண்ணால பாத்துட்டேன். நீங்க மறைக்கப் பாக்காதீங்க" என்று பொறியாளர் எழுதி முடித்தார். பிறகு ஒழுகல்காரரை ஏற இறங்கப் பார்த்து, ஏன் இப்படி நனைந்திருக்கிறீர்கள் என்று கேட்டார்.

"வேர்வை" என்றார் அவர்.

ஆக, ஒழுகாத வீட்டுக் கூரைக்கு ஒழுகாமலிருக்க வேலை ஆரம்பமாயிற்று. தபால்காரருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மேஸ்திரியிடம் ரகசியமாகச் சொல்லி வைத்தார். வேலை முடியும் தறுவாயில் மேஸ்திரி வந்து ஒழுகல்காரர் வீட்டுக் கதவைத் தட்டினார். கலவை மிச்சம் இருக்கிறது, உங்கள் பக்கமும் ஒரு பூச்சு பூசிவிடுகிறேன், அரை மணி வேலை, காசு வேண்டாம் என்றார்.

இதுதான் இடம். நீங்களும் நானுமாக இருந்தால் என்ன சொல்லியிருப்போம்? மேஸ்திரிக்கு ஒரு கும்பிடு போட்டு, ஏணியை நாமே பிடித்திருக்க மாட்டோமா?

"அதெப்படிப்பா?" என்றார் அவர். "நீ பூசிட்டா அரசாங்கம் தப்பிச்சிடும்."

"மழையில நனையறது நீங்கதானே சார்?"

"நான் கேக்கறது எனக்காக இல்ல. இது நியாயம். மிச்சம் மீதியப் பூசி நியாயத்த மூட முடியாது."

மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டு போனார். சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்ட மனைவி ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசாத மனைவியை நம்பக்கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

மழைக்காலம் வந்தது. முதல் மழை ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், இடியோடு கொட்டியது. இவர் முன்கூட்டியே மச்சினரை வரவழைத்திருந்தார், குடியிருப்போர் சங்கச் செயலாளரை வரவழைத்திருந்தார். நாற்காலிகள் போட்டாயிற்று. சட்டி வைத்தாயிற்று. எல்லாரும் அண்ணாந்தாயிற்று. வெளியே தெருவெல்லாம் ஆறாக ஓடுகிறது. உள்ளே சட்டி காய்கிறது.

"என்ன மாமா, ஒண்ணையும் காணோம்?" என்றார் மச்சினர்.

"கொஞ்சம் பொறு. ஊற வேணாமா?"

ஊறட்டும் என்று இருந்தார்கள். கழுத்து வலித்தது. செயலாளர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். போகும்போது ஒழுகல்காரரின் தோளில் ஒரு தட்டுத் தட்டினார், துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி. மச்சினரும் எழுந்து போனார். நாற்காலிகள் காலியானதும் மனைவி தையல் இயந்திரத்தை இழுத்துவந்து கறைக்கு நேர் கீழே போட்டாள். வெள்ளைச் சட்டை ஒன்றை எடுத்து ஊசியடியில் வைத்தாள்.

"நான்தான் பூசச் சொன்னேன். நீங்க வேலைக்குப் போனப்புறம்."

பாவம், மனிதர் அன்றிலிருந்து இளைத்துப் போனார். பணிமனையில் வந்த வண்டியைப் போனதாகவும், போன வண்டியை வராததாகவும் குறித்தார். தெருவில் யாராவது "என்ன சார், ஒழுகுதா?" என்று கேட்டால், இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. அதோடு பேச்சு முடிந்துபோனது. மழை நாளில் ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. வேறு விஷயம் பேசலாமென்றால், வேறு விஷயம் எதுவும் அவரிடம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கம் கூட வரவில்லை. சட்டிச் சத்தம் கேட்டே தூங்கிப் பழகியவர், வறண்ட கூரையை வெறித்துக்கொண்டு கிடந்தார்.

மனைவிக்கு மனசு கேட்கவில்லை. ஜெயித்தவள் அவள்தான், ஆனாலும் கட்டிய மனிதன் சுருண்டு கிடப்பதை எத்தனை நாள் பார்ப்பது? ஒரு சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். இறுக்கி மூடியிருந்த குழாயைக் கொஞ்சம் தளர்த்தினாள். அடியில் அந்தப் பழைய அலுமினியச் சட்டியை வைத்தாள். ஒன்றும் தெரியாதவள்போல வந்து மறுபடி பொத்தானை எடுத்துக்கொண்டாள்.

டொக்.

அவர் ஒரு கண்ணைத் திறந்தார்.

டொக்.

எழுந்தார். வேட்டியை இறுக்கிக்கொண்டு சமையலறை வாசலில் போய் நின்றார். வெகு நாளைக்குப் பிறகு அந்த முகத்தில் ரத்தம் ஓடியது.

"இந்தக் குழாய் யாரு போட்டது?"

"அரசாங்கம்தான்" என்றாள் மனைவி, நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே.

"அப்படியா சேதி. இதைச் சும்மா விடப் போறதில்ல" என்று சொல்லி, கூடத்திலிருந்து நாற்காலியைத் தூக்கிவந்து குழாய்க்கு எதிரே போட்டார். "அந்தப் பென்சில எங்க வச்சே?"

சிரித்துவிட்டீர்களா? நல்லது. உங்கள் வீட்டில் சரியாகச் சாத்தாத கதவு ஒன்று இருக்கும், இல்லையா? சரியாகக் கவனிக்காத மேலதிகாரி, மதிக்காத சம்பந்தி, முதுகில் எங்கோ பிடித்துக்கொண்ட ஒரு வலி? நாளைக்கு யாராவது வந்து, விடுங்கள், அரை மணியில் சரிசெய்துவிடலாம் என்று சொன்னால், உங்கள் வாயில் முதலில் வருவது "ரொம்ப நன்றிங்க" என்பதா, "அதெல்லாம் சரிப்பட்டு வராதுங்க, உங்களுக்குத் தெரியாது" என்பதா? அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள். அதுவரை ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். அங்கே வேண்டாம், இங்கே. அங்கிருந்து நன்றாகத் தெரியாது.