சொல்லக் கூடாத குடும்பப் பெயர்

"ஐயா, நான் கில்பர்ட் ராஸ்" என்று அவன் சொன்னதுதான் தாமதம், வருங்கால மாமனார் டோஷி பாய்ந்து போய் அடுப்பு கிளறும் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

அடிப்பதற்கு அல்ல. ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில் அந்த மீனவர் ஊரில், ராஸ் என்ற பெயர் காதில் விழுந்தால் வலையில் மீன் விழாது. உடனே இரும்பைத் தொட்டால்தான் தோஷம் போகும். மீன் ஏலக்கூடத்துக்கு வேலைக்கு வந்த மலைநாட்டுக்காரனுக்கு இதெல்லாம் எங்கே தெரியும், பாவம்! உள்ளூர்க்காரர்களுக்கோ எல்லாம் பட்டப்பெயர்தான்; டோஷி என்பதும் அப்படித்தான். குடும்பப் பெயர் கல்லறைக் கல்லில்தான் வெளியே வரும்.

"சாயங்காலம் படகு எடுக்கணும். இப்போ வந்து அந்தப் பேரைச் சொல்றியே, உனக்கே நல்லாயிருக்கா?"

மகள் எல்ஸ்பெத் கண்ணாலேயே கெஞ்சினாள். அவளை விட்டால் கில்பர்டுக்கு வேறு கதி கிடையாது. பெயரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லிப் பார்த்தான்.

"அதுல கெட்டது ஒண்ணுமில்லீங்க. பழைய மொழியில ராஸ்னா கடல்முனை. ராஸ் பிரபுக்கள்னு பெரிய வம்சமே..."

கம்பியைக் கீழே வைத்திருந்த டோஷி, கைக்குக் கிடைத்த இரும்புக் கெண்டியைப் பிடித்தார். அது கொதித்துக்கொண்டிருந்தது.

"ஐயோ! அம்மா!"

"அப்பா, தண்ணியில கையை வைங்க!"

கில்பர்டுக்கு வியர்த்துவிட்டது.

"ஐயா, உண்மையைச் சொல்லிடறேன். அது எங்க சொந்தப் பேரே இல்லை. பஞ்சத்துல எங்க பாட்டன் பூட்டன் யாரோ ஒரு மூட்டை ஓட்ஸ் மாவு வாங்கிக்கிட்டு, பண்ணைப் பிரபுவோட பேரை வச்சுக்கிட்டாங்க. அந்தக் காலத்துல அப்படித்தானே?"

"அடப்பாவி! பொறப்புல வந்த தோஷம்னாலும் பரவாயில்ல. கஞ்சிக்காகக் கேட்டு வாங்கின தோஷமா? போடா வெளிய!"

எல்ஸ்பெத் அழ ஆரம்பித்தாள். கில்பர்ட் கையெடுத்துக் கும்பிட்டான்.

"வேணாம்யா. அந்தப் பேரையே தலைமுழுகிடறேன். கல்யாணம் ஆனதும் உங்க குடும்பப் பேரையே வச்சுக்கறேன். போதுமா?"

எல்ஸ்பெத் அழுகையை நிறுத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். டோஷியின் முகம் வெளுத்தது. ஈரக் கையால் கம்பியைத் தேடினார்.

அதுவரை தலை நிமிராமல் மூலையில் மீன் அரிந்துகொண்டிருந்த அவர் மனைவி மினா, கத்தியின் இரும்பை ஒருமுறை தொட்டுக்கொண்டாள்.

"தாராளமா வச்சுக்கோ தம்பி. இவரும் ராஸ்தான்."