வியாழக்கிழமை புஜங்கள்

உலக வரலாற்றை இனி இரண்டாகப் பிரித்துத்தான் எழுத வேண்டும்: எங்கள் நகராட்சி அலுவலகத்துக்கு டம்பெல் வருவதற்கு முன், வந்த பின்.

ஸ்வீடனில் ஊழியர் நலம் விளையாட்டுக் காரியமல்ல. வாரத்தில் ஒரு மணி நேரம், சம்பளத்தோடு, உடம்பைப் பேணலாம். ஏழு கூட்டம் போட்டு, காபியும் இலவங்கப்பட்டை பன்னுமாக விவாதித்து, வியாழன் இரண்டு மணியைத் தேர்ந்தெடுத்தோம். 'மேலுடல் மேம்பாட்டுக் குழு' பிறந்தது. செயலாளர் அடியேன்.

பலன் கைமேல். தலைவர் சிக்ஸ்டன் கோடைக்குள் இரண்டு சட்டைகளைத் தோளில் கிழித்தார்; அவற்றை அறிவிப்புப் பலகையில் மாட்டி கௌரவித்தோம். ஸ்டேப்ளரை அழுத்தவே இரண்டு கை கேட்கும் மால்தே, கைக்குப் பன்னிரண்டு கிலோ தூக்கினான். அந்த உற்சாகத்தில் வியாழக்கிழமைகளில் லிஃப்டை நிறுத்திவைப்பதென்று ஒருமனதாகத் தீர்மானித்தோம். மக்களும் படியேறி நலம் பெறட்டுமே.

அக்டோபர் கடைசி வியாழன், இரண்டரை மணி. குன்னெல் என்கிற எழுபத்திரண்டு வயதுப் பெண்மணி சக்கர நாற்காலியில் வந்து, மாடியில் பயிற்சியிலிருந்த எங்களைப் பார்த்துப் படிக்கட்டின் அடியில் நின்றார். வீட்டு வாசலுக்குச் சாய்தளம் கேட்டு விண்ணப்பம். மூன்று மணியோடு கெடு முடிகிறது. இப்போதைக்குப் பலகை போட்டு இறங்குகிறாராம். பனி விழுந்தால் பலகை வழுக்கும். பிறகு ஏப்ரல் வரை வீட்டுக்குள்ளேயேதான்.

நான் கீழே போய்த் தாளை வாங்கியிருக்கலாம். ஆனால் வரிசை எண் சீட்டு தரும் எந்திரம் மாடியில் இருக்கிறது. அவரவர் சீட்டை அவரவர்தான் எடுக்க வேண்டும். வரிசையில் வேறு யாருமில்லைதான். அதற்காக வரிசையை மீறுவதா? லிஃப்டை ஓட்டவும் வழியில்லை. தீர்மானத்தை மாற்ற ஒருமனது வேண்டும். ஓர் உறுப்பினர் குழந்தை வளர்ப்பு விடுப்பில் இருந்தார்.

மால்தே டம்பெல்லைக் கீழே வைத்தான். "ரெண்டு பேர் போதும் சிக்ஸ்டன், தூக்கிடலாம்."

"மனுஷங்களைத் தூக்க நாம பயிற்சி எடுத்திருக்கோமா? டம்பெல்லுக்குப் பிடி இருக்கு."

"என் நாற்காலிக்கு ரெண்டு பிடி இருக்குப்பா," என்றார் குன்னெல் கீழேயிருந்து. "தொட்டுப் பாரு, கடிக்காது."

'அபாய மதிப்பீடு' செய்யாமல் தொட முடியாது, அதற்கு மூன்று வாரமாகும் என்று சிக்ஸ்டன் கனிவோடு விளக்கினார். மால்தே டம்பெல்லை மறுபடி எடுத்துக்கொண்டான். பாவம், கை சும்மா இருந்தால் அவனுக்கு ஆகாது.

குன்னெல் விண்ணப்பத்தைப் பல்லில் கவ்விக்கொண்டு நாற்காலியிலிருந்து சரிந்தார். எங்களுக்கு முதுகைக் காட்டி முதல் படியில் உட்கார்ந்தார். உள்ளங்கைகளை மேல் படியில் ஊன்றி, ஓர் அழுத்து. உடம்பு ஒரு படி ஏறியது. ஆறு மாதமாக எங்களில் ஒருவருக்கும் சரியாக வராத அதே பின்கைப் பயிற்சி!

நாங்கள் ஆறு பேரும் கைப்பிடிச் சுவரோரம் வரிசையாக நின்று எண்ணினோம். ஆறாவது படியில் அவர் மூச்சு வாங்க நின்றபோது சிக்ஸ்டனால் சும்மா இருக்க முடியவில்லை. "முழங்கை வெளியே போகுது பாருங்க. உள்ள வைங்க."

குன்னெல் வாயிலிருந்து தாளை எடுத்தார். "நீ உன் வாயை உள்ள வை."

பதினான்கு படி. மாடித் தரையில் உட்கார்ந்தபடியே எட்டிச் சீட்டைக் கிழித்தார். எண் ஒன்று. நான் மேசைக்கு ஓடி, முறைப்படி எண்ணை அழைத்தேன். இரண்டு ஐம்பத்தெட்டுக்கு விண்ணப்பம் பதிவானது. சிக்ஸ்டனுக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கேயே 'ஆண்டின் மேலுடல்' பட்டயத்தை ஒருமனதாக அறிவித்து, ஒரு பன்னும் கொடுத்தோம். கீழே இறங்க அவருக்கு யார் உதவினார்கள் என்று தெரியவில்லை. மணி மூன்றாகி, எங்கள் காபி இடைவேளை தொடங்கியிருந்தது.

முதல் பனி விழுந்த அன்று அவருக்கு முடிவு போய்ச் சேர்ந்தது: 'விண்ணப்பதாரர் பதினான்கு படிகளை யாருடைய உதவியுமின்றி ஏறியதை ஆறு அலுவலர்கள் நேரில் கண்டுள்ளனர். எனவே சாய்தளம் தேவையில்லை.' சான்றாக, நாங்கள் கொடுத்த பட்டயத்தின் நகலையும் இணைத்திருந்தோம்.

கீழே கையெழுத்து என்னுடையது. அதைப் போட என் கைக்குத் தேவையான பலம், டம்பெல் வருவதற்கு முன்பே இருந்தது.