மீனுக்கு ஒரு வழி

தொட்டித் தண்ணீர் பளிங்காக இருந்தது. அதற்குள் இருந்த ஐந்து கப்பி மீன்களும் மேலே வந்து, வாயைப் பிளந்து பிளந்து மூடிக்கொண்டிருந்தன.

"இஞ்சருங்கோ, உங்கட சேர்ட மீனெல்லாம் செபம் சொல்லுது," என்றாள் றொஷானி, குசினி வாசலில் நின்றபடி.

அவளுடைய கணவர் மேர்வின் தொட்டியருகே குனிந்து பார்த்தார். அந்த ஐந்தும் செத்தால், கந்தோரில் தனக்கு வரவிருக்கும் சீஃப் கிளார்க் கதிரையும் கூடவே செத்துப்போகும் என்று அவருக்குத் தெரியும்.

ஓர்ஸ் ஹில்லில் மேர்வின் வேலை செய்யும் கந்தோருக்குப் பெரியவர் தர்மசீலன் சேர். ஒரு மாதப் பயிற்சி என்று கொழும்புக்குப் புறப்பட்ட அன்று காலை, கையில் ஒரு பொலித்தீன் பையோடு மேர்வினின் மேசைக்கு வந்தார். அவருடைய மனைவி, மகளின் பிள்ளைப்பேற்றுக்காக மட்டக்களப்புக்குப் போயிருந்தார். ஆசை ஆசையாக வளர்த்த மீன்களைக் கணவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தார். இப்போது பார்த்தால் தொட்டி உடைந்துபோயிற்றாம்.

"மேர்வின், இதுக்கு நீங்கள்தான் ஒரு வழி பண்ணோணும்," என்று பையை நீட்டினார்.

மேர்வினுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சேர் அவரிடம் எப்போதும் அப்படித்தான் சொல்வார். சல்லிக் கிராமத்திலிருந்து வந்த முறைப்பாடு, இடிந்த மதில் வழக்கு, இப்படிச் சேருக்குத் தலையிடி தருகிற ஃபைல் எதுவானாலும், "மேர்வின், ஒரு வழி பண்ணுங்கோ" என்ற வார்த்தையோடு அவருடைய மேசைக்குத்தான் வரும். பக்கத்து மேசைப் பிரியங்கினிக்கு அப்படி ஒன்றாவது வந்திருக்குமா? வந்ததில்லை. மேர்வினும் லேசில் விடுகிற ஆள் இல்லை. கால் புள்ளி, அரைப் புள்ளி எல்லாம் சரிவரும்வரை ஒரு ஃபைலையும் மேசையை விட்டு அசைய விடமாட்டார். சில ஃபைல்களைக் கொண்டுவந்து வைத்த பியோன் பென்ஷன் எடுத்துக்கொண்டு போயும்விட்டார்.

சீஃப் கிளார்க் சிவகாமிப்பிள்ளை அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். அந்தக் கதிரை யாருக்கு என்று எழுதிக் கொடுப்பது சேர்தான்.

"வீட்டு மீனையே நம்பித் தந்திட்டார். கதிரையைத் தராமல் விடுவாரோ?" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, மேர்வின் ஒரு புதுத் தொட்டி வாங்கினார். பைப்பைத் திறந்து நிரப்பினார். மீன்களை விட்டார். இரண்டு நாளில் செபம் தொடங்கிவிட்டது.

தண்ணீர்தான் பிழை என்று நினைத்து முழுவதையும் வெளியே ஊற்றினார். தொட்டியை உப்புப் போட்டுத் தேய்த்தார். புதுத் தண்ணீர் நிரப்பினார். இப்போது ஒரு மீன் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டது.

கந்தோர்ப் பியோன் அன்ஸாருக்குப் போன் எடுத்தார். அன்ஸாரின் தங்கை றுமானா கிண்ணியாவில் வளர்ப்பு மீன் விற்கிறவள். நம்பரை வாங்கி அவளோடு கதைத்தார்.

"கழுவினீங்களா? ஆரு கழுவச் சொன்ன?" என்றாள் றுமானா.

"ஊத்தை எல்லோ பிள்ளை."

"ஊத்தைதான் வேணும். மீன் கழிக்கிறதெல்லாம் தண்ணியில நஞ்சாகும். அந்த நஞ்சத் தின்னுறதுக்குக் கண்ணுக்குத் தெரியாத நல்ல கிருமி இரிக்கி. உங்கட புதுத் தொட்டியில அது இல்ல. அது வந்து குடியேற ஒரு மாசம் போகும். அதுவரைக்கும் தீனியக் குறைங்க. தினம் கொஞ்சம் கொஞ்சமாத் தண்ணிய மாத்துங்க. பைப்புத் தண்ணிய ஒரு நாள் வாளியில வெச்சிட்டு ஊத்துங்க, குளோரின் போகட்டும்."

"ஒரு மாதத்துக்கு இதுகள் தாங்குமோ?"

"என்ட பழைய தொட்டி ஸ்பொஞ்ச் ஒண்டு தாறன். நல்ல ஊத்தை. வந்து எடுங்க."

மேர்வின் பஸ்ஸில் பாலங்களைத் தாண்டிக் கிண்ணியாவுக்குப் போனார். கறுத்துக் கொழகொழத்த ஒரு ஸ்பொஞ்சை ஈரம் காயாமல் பையில் வைத்துக் குழந்தையைப்போல மடியில் ஏந்திக்கொண்டு திரும்பினார். பக்கத்தில் இருந்தவர் இரண்டு தரம் மோந்து பார்த்துவிட்டு எழுந்து நின்றுகொண்டார்.

காற்றடிக்கிற மோட்டரோடு ஸ்பொஞ்சைப் பூட்டியதும் மீன்கள் கொஞ்சம் தெம்பாகின. படுத்த மீனும் எழும்பியது. மேர்வின் அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டார்.

அடுத்த நாள் கந்தோரிலிருந்து வந்து பார்த்தார். ஸ்பொஞ்ச் மஞ்சள் மஞ்சளென்று கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"செபமாலை சொல்ல ஞானமலர் அக்காவையள் வருகினம்," என்றாள் றொஷானி. "அந்த நாத்தத்தை என்னண்டு ஹோலுக்குள்ள வைக்கிறது? சவுக்காரம் போட்டுக் கசக்கி வெயில்ல போட்டனான். இப்ப புதுசு மாதிரி இருக்குது."

மேர்வின் அப்படியே கதிரையில் சாய்ந்துவிட்டார். அவருக்கு அழுகை வந்தது.

"றொஷானி, நீர் கழுவினது ஸ்பொஞ்சை இல்லை. என்ர பதவியை."

மறுபடியும் கிண்ணியா. "என்ட தொட்டிக்கும் ஊத்தை வேணும்தானே," என்று சொல்லி, றுமானா இந்தத் தரம் ஒரு சின்னத் துண்டுதான் வெட்டிக் கொடுத்தாள். "இனிப் பொறுமைதான் மருந்து."

பொறுமைக்கு வாளி தேவைப்பட்டது. வீட்டிலிருந்த வாளிகள் எல்லாம் மீனுக்குத் தண்ணீர் வைக்கப் போயின. பிறகு சோற்றுப் பானை போயிற்று. பிறகு நத்தார்ப் பண்டிகைச் சமையலுக்கு மட்டும் இறக்குகிற பெரிய கிடாரமும் போயிற்று. றொஷானி குளிக்கப் பக்கத்து வீட்டுக்குப் போகவேண்டி வந்தது.

"ஊரெல்லாம் மீனைக் கொண்டுவந்து சட்டிக்குள்ள போடுது," என்றாள் அவள். "நீங்கள் சட்டியைக் கொண்டுபோய் மீனுக்குக் குடுக்கிறியள்."

ஒரு பின்னேரம் கரண்ட் போய் மோட்டர் நின்றது. மேர்வின் அகப்பையால் தண்ணீரை அள்ளி அள்ளித் தொட்டிக்குள் ஊற்றிக் காற்றுப் பிடிக்க வைத்தார். கரண்ட் வந்தபோது கையைத் தூக்க ஏலாமல் இருந்தது. அடுத்த நாள் கந்தோரில் ஃபைல்களின் மேல் தலையை வைத்து நித்திரையானார். துறைமுகத்து ஊரில் மீன் வாடைக்கு யாரும் மூக்கைப் பொத்துவதில்லை. பிரியங்கினி பொத்தினாள்.

"அண்ணை, மீன் எப்பிடி?"

"இருக்குது."

"நீங்கள்?"

"அதைவிடும் பிள்ளை."

எப்போது என்று தெரியாது, மெல்ல மெல்லத் தண்ணீரின் புளித்த வாடை விட்டுப்போனது. ஸ்பொஞ்சில் பழுப்பு ஏறியது. றொஷானி அதைத் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுக் கைவைக்காமல் போகப் பழகிக்கொண்டாள். மீன்கள் தீனிக்கு அடிபட்டுக்கொண்டு ஓடிவந்தன. ஒரு ஞாயிறு, பூசைக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நின்ற றொஷானி கூப்பிட்டாள்.

"இஞ்சருங்கோ, தொட்டிக்குள்ள தூசி நீந்துது."

மேர்வின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். தூசி இல்லை. குஞ்சுகள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருடத்தில் அவர் தொடங்கிச் சரியாக முடித்த முதல் வேலை அதுதான். றொஷானி சேலைத் தலைப்பால் தொட்டியின் வெளிப்பக்கத்தை மட்டும் துடைத்துவிட்டாள்.

சேர் திரும்பிவந்த அன்று, மேர்வின் மூடி போட்ட வாளியோடு அவருடைய அறைக்குள் போனார்.

"என்ன மேர்வின் இது?"

"மீன், சேர்."

சேர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். "உயிரோடயோ?"

"ஓம் சேர்."

"எல்லாமோ?"

"அஞ்சு தந்தனீங்கள் சேர். இப்ப எண்ண ஏலாது."

சேர் வெகுநேரம் வாளிக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "சரி, நீங்கள் போங்கோ," என்றார். மகிழ்ச்சியில் மனிதருக்குப் பேச்சு வரவில்லை என்று மேர்வின் நினைத்துக்கொண்டார்.

அந்தக் கிழமையே சீஃப் கிளார்க் கதிரை பிரியங்கினிக்குப் போயிற்று. கந்தோரே கைதட்டியது. மேர்வினும் தட்டினார். தட்டிவிட்டுத் தன்னுடைய மேசைக்கு வந்து இருந்தபோது, அன்ஸார் தடித்த ஒரு ஃபைலைக் கொண்டுவந்து முன்னால் வைத்தான்.

"சேர் தந்தவர். ஒரு வழி பண்ணட்டாம்."

மேர்வின் ஃபைலைத் தொடவில்லை. "அன்ஸார், நான் என்ன பிழை விட்டனான்? ஒரு மீனைக்கூடச் சாகவிடேல்லையே."

அன்ஸார் சேரின் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணன், சாக வேண்டிய ஃபைலையெல்லாம் சேர் உங்கட மேசைக்குத்தானே அனுப்புற. அதே நம்பிக்கையிலதான் மீனையும் தந்தவர்."