காது உடைந்த சிங்க நாற்காலி

நடைமுறை தெரியாதவன் செய்கிற தவறுக்கு ஓர் எல்லை உண்டு. தெரிந்தவன் செய்வதற்குக் கிடையாது. ஐம்பதுகளின் கடைசியில் நான் சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தர். பத்திரத்தில் ஒரு கால்புள்ளி விடுபட்டாலும் தெருவுக்கே கேட்கும்படி பெருமூச்சு விடுவேன்.

எங்கள் வீட்டில் தாத்தாவின் புகைப்படம் ஒன்று இருந்தது. கைப்பிடிகளில் சிங்கமுகம் செதுக்கிய கருமர நாற்காலியில் அவர் உட்கார்ந்திருப்பார். இடப்பக்கச் சிங்கத்துக்கு ஒரு காது உடைந்திருக்கும். வீட்டிலோ ஒரு முக்காலிதான் உண்டு. நாற்காலி எங்கே என்றால், தான் வாழ்க்கைப்பட்டு வருவதற்கு முந்தைய சமாசாரம் என்று அம்மா முடித்துக்கொள்வாள். அப்பா காலமாகியிருந்தார். ஆகவே யாரோ தூக்கிப் போய்விட்டார்கள் என்று நானே தீர்ப்பு எழுதினேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, நிலத்துக்கு எழுதுவதுபோல அதற்கு நான்கெல்லையும் குறித்து வைத்தேன். (வடக்கே தாத்தாவின் தலைப்பாகை, தெற்கே அவர் செருப்பு.)

அந்த வருஷம் தங்கை கமலாவுக்கு ஆம்பூரில் வரன் அமைந்தது. பையன் பள்ளி ஆசிரியர். அவர் அப்பா தோல் தொழிற்சாலையில் மேஸ்திரி. மூன்று பேரை வேண்டாமென்ற கமலாவுக்கு இவரைப் பிடித்திருந்தது. தேதி குறிக்க நானும் அம்மாவும் போனோம். காபி வந்தது. சுவரில் அவர்கள் தாத்தாவின் புகைப்படம். அதில் அவருக்கு அடியில் எங்கள் நாற்காலி, உடைந்த காது உட்பட.

"இன்னா தம்பி, எங்க தாத்தாவையே பாத்துக்கினு இருக்கீங்க?" என்றார் மேஸ்திரி.

"தாத்தாவை இல்லீங்க, நாற்காலியை. அது எங்களுது. வாங்கினதுக்கு ரசீது இருக்குங்களா?"

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். அதை ஆதரவு என்று எடுத்துக்கொண்டு அடையாளங்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். மேஸ்திரி எழுந்தார். பெண் எடுப்பதற்கு முன்பே திருட்டுப் பட்டம் கட்டுகிற சம்பந்தம் வேண்டாம் என்றார். சத்தம் போடாமல் சொன்னார், அதுதான் மோசம்.

கமலா என்னோடு பேசுவதை நிறுத்தினாள். நான் தளரவில்லை. நாற்காலியை மீட்க ஒரு மனு எழுதி, அதோடு இணைக்க எங்கள் தாத்தா படத்தைப் பெரிதாக்க வேலூர் லாங் பஜாரில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனேன். (படத்தின் பின்னால் அந்த ஸ்டூடியோவின் முத்திரைதான் இருந்தது. நான் முன்பக்கத்தை மட்டுமே ஆராய்ந்திருந்தேன்.) உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன். இடது கையில் ஏதோ சொரசொரவென்று பட்டது. குனிந்து பார்த்தால் சிங்கம். ஒற்றைக் காது.

"எங்கப்பா காலத்துலயே ஒடஞ்சிச்சு சார்," என்றார் ஸ்டூடியோக்காரர். "வேலூர்ல பாதிப் பேரோட தாத்தா இதுல குந்தினவங்கதான்."

விஷயத்தைக் கேட்டதும் கமலா வாயைத் திறந்தாள். "கடுதாசி எழுதாதே. நேர்ல போ."

நேரில் போனாலும் ஆதாரம் வேண்டுமல்லவா? அதே நாற்காலியில் நான் உட்கார்ந்து ஒரு படம் எடுத்துக்கொண்டு ஆம்பூர் போய் மன்னிப்புக் கேட்டேன். மேஸ்திரி படத்தை வெகுநேரம் பார்த்தார். மீசை மெல்ல அசைந்தது.

"அப்ப இது உங்க நாற்காலிதான் தம்பி. படம் இருக்குதே."

தையில் கல்யாணம் நடந்தது. என் படத்தை மட்டும் அவர் திருப்பித் தரவில்லை. தம் தாத்தாவுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். காலப்போக்கில் அந்த வரிசைக்கு மேஸ்திரியும் அவர் மனைவியும் வந்து சேர்ந்தார்கள்.

போன மாதம் கமலா வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். அவள் பேரனைக் கட்டிப் புதிதாக வந்திருந்த பெண் சுவரில் இருந்த எல்லாப் படங்களுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தாள். என் படத்திலிருந்த இளைஞனையும் இந்த வழுக்கையையும் அவளால் இணைக்க முடியவில்லை போலும். எனக்கும் பொட்டு வைத்து ஒரு முழம் மல்லிகையும் சாத்தினாள். கமலா பதறி எழுந்தாள். அவள் கணவர் தடுத்தார்.

"இருக்கட்டும் விடு. மச்சான் எதையும் முன்கூட்டியே முடிச்சி வெச்சிடுவாரு."