என் போத்தலில் ஓர் ஆண்

“பொட்டப் புள்ளைய இம்புட்டுப் படிக்க வச்சு என்னய்யா செய்யப் போற? ஆம்பளையா இருந்தாலும் பரவால்ல” என்று எங்கள் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை அப்பாவிடம் கேட்டார். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம், நான் ஆம்பளைதான் என்று ஒரு சோதனை சொன்னது.

ஆண்களின் ஒய் நிறமூர்த்தத்தில் (குரோமோசோம்) ஒரு பரம்பரையலகு (ஜீன்) இருக்கிறது. உடலில் புரதம் கட்டும் ரைபோசோமுக்கு ஒரு பாகம் செய்வது அதன் வேலை. எச்சிலில் அதைத் தேடினால் ஆணுக்குச் சோதனைத் தகட்டில் கோடு விழும், பெண்ணுக்கு விழாது. பெண்ணின் எச்சிலை யார் தருவது என்று விரிவுரையாளர் கேட்டதும் கை தூக்கியது நான். (வகுப்பில் ஒரே தமிழ்ப் பிள்ளை. வேறு எதற்கும் என்னை யாரும் கூப்பிட்டதில்லை.) எல்லார் முன்னாலும் துப்ப வெட்கப்பட்டு, விடுமுறைக்குப் போனபோது உக்குவளைப் பக்கம் தோட்டத் தொழிலாளர் வரிசையான எங்கள் லயத்து வீட்டிலிருந்தே ஒரு குட்டிப் போத்தலில் துப்பிக் கொண்டுபோனேன்.

கோடு விழுந்தது. மெல்லிய கோடு.

யாரிடமும் கேட்கவில்லை. கேட்க ஆளில்லை, இருந்திருந்தாலும் என் கர்வம் விட்டிருக்காது. இரண்டு நாள் விடுதிக் கட்டிலில் போர்த்திக்கொண்டு மேலுதட்டைத் தடவினேன். (மீசை இருப்பதாகவே பட்டது.) படிப்பை விட்டுவிடுவதென்று பெட்டியோடு பஸ் ஏறினேன். சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் அடையாள அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அட்டையில் பெண் என்றிருந்தது. அவரைவிட எனக்குத்தான் சந்தேகம் அதிகம்.

“நான் பொறந்தப்ப நல்லாப் பாத்தீங்களாம்மா?”

“என்னடி கேள்வி இது?” என்றார் அம்மா.

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மிளகு புடைத்துக்கொண்டிருந்த அப்பாவின் கை நின்றது.

“அந்தக் குட்டிப் போத்தலா பாப்பா? நீ எடுக்கிறதுக்கு முந்தி நாந்தான் மூடியப் பல்லால கடிச்சுத் தொறந்தேன். உள்ள தூசியா இருந்திச்சு. ஊதி, எச்சி தொட்டுத் தொடச்சு வச்சேன். ஒன் படிப்புச் சாமானாச்சே.”

அம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்து லயத்தார் எட்டிப் பார்த்தார்கள். “ஒங்கப்பாவும் கூடவே படிக்கப் போயிருக்காருடி!”

அந்த வகுப்பில் எனக்குத் துணைக்கு ஓர் ஆள் இருந்திருக்கிறார். எனக்குத்தான் தெரியவில்லை.

திங்கட்கிழமை திரும்பிப் போய் எல்லார் முன்னாலும் துப்பினேன். கோடு விழவில்லை. (அதே வேலை செய்யும் இன்னொரு பரம்பரையலகு எக்ஸில் இருப்பதால் பெண்ணுக்கு எதுவும் குறைவதில்லை. கணக்கப்பிள்ளையிடம் இதை இரண்டு முறை விளக்கிவிட்டேன்.)

இன்றும் அப்பா இருமினால் அம்மா, “போத்தல மூடுடி” என்கிறார்.

இந்த வருடம் அந்தச் சோதனையை வகுப்புக்கு நடத்துவது நான். எச்சில் தருவோர் பட்டியலில் ஆணுக்கு எதிரே அப்பாவின் பெயரை நேற்றே எழுதிவிட்டேன்.