குடிவராத நண்டுகள்

சுவரின் முதல் பகுதியைக் கட்டி முடித்து ஒரு மாதமாகியும் ஓட்டைகளுக்குள் ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமைச் சோதனைக்கு வந்த பிறேம் கடற்சுவரின் அடியில் முழங்காலில் நின்று, கைபேசி வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தான். ஈரம் இருந்தது, பாசி இருந்தது. குடியிருக்க வேண்டிய நண்டைத்தான் காணவில்லை.

கீரிமலைக்கு மேற்கே அந்தக் கரையைக் கடல் தின்றுகொண்டிருந்ததால் சுவர் கட்டினார்கள். மொட்டைச் சுவர் கட்டினால் கரை பிழைக்கும், கரையோரத்து உயிர்கள் பிழைக்காது என்று வாதாடி, கொங்கிறீற்றில் ஓட்டைகளும் குழிகளும் வைத்து வரைந்து கொடுத்தவன் அவன்தான். கந்தோரில் அவனுக்கு 'நண்டு எஞ்சினியர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதைக்கூடப் பொறுக்கலாம். மேலதிகாரி அருளம்பலம் வைத்த கெடுதான் பொல்லாதது. மாரிக்கு முன் ஒரு சீவனாவது குடிவரவேண்டும். இல்லாவிட்டால் எல்லா ஓட்டைகளையும் சீமெந்தால் அடைத்து, மிச்சச் சுவரையும் மொட்டையாகவே கட்டிவிடுவார்.

"என்ன தம்பி, அதுக்குள்ளை தேடுறியள்?"

தெருவுக்கு மறுபக்கத்து வீட்டு லூர்த்தம்மா கேற்றடியில் நின்றார். பிள்ளைகள் பிரான்சில், வீட்டில் அவர் மட்டும்தான்.

"நண்டு அன்ரி."

"கண்டால் என்ன செய்வியள்?"

"படம் எடுத்து அனுப்பினால் என்ரை வேலை முடிஞ்சுது. பிறகு இந்தப் பக்கம் ஏன் வாறன்?"

லூர்த்தம்மா கேற்றை அகலத் திறந்துவிட்டார்.

"வெயிலுக்கை நிக்காதையுங்கோ. வந்து ஒரு வாய் சாப்பிட்டிட்டுப் போங்கோவன்."

கந்தோருக்குக் கிட்ட, திருநெல்வேலியில் பிறேமுக்கு ஒரு வாடகை அறை இருந்தது. கடைப் பார்சலைப் பிரித்து, கைபேசியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு, இலையைச் சுருட்டி எறிவான். சாப்பிட்டாயா என்று கேட்க ஒருவருமில்லை. அன்று இரண்டாம் முறை சோறு போட லூர்த்தம்மா கரண்டியை நீட்டியபோது, வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமையும் ஓட்டைகள் காலி. ஆனால் தட்டில் நண்டுக்கறி.

"சின்ன நண்டுதான். ருசி கிடக்கும்."

"நீங்கள் சாப்பிடேல்லையோ அன்ரி?"

"எனக்கு நண்டு ஒத்துவராது, உடம்பெல்லாம் தடிக்கும். நீங்கள் சாப்பிடுங்கோ, நான் பாத்துக்கொண்டிருக்கிறன்."

ஓட்டைகள் சிறிதாகிப் போய்விட்டன என்று பிறேம் முடிவுகட்டினான். மேசனைக் கூட்டிவந்து அகலமாக்கினான். அடுத்த கிழமை ஓட்டைகள் அகலமாகக் காலியாக இருந்தன. கறியில் நண்டு மட்டும் கொஞ்சம் பெரிது.

"மேல் ஓட்டையள் வெயிலிலை காயுது தம்பி" என்றார் லூர்த்தம்மா. "பதிவாய் வையுங்கோ. குனிஞ்சு கை விட்டால் எட்டிற உயரத்திலை."

கரையிலேயே பிறந்து வளர்ந்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். பிறேம் பதிவாக வைத்தான். ஒன்றும் வரவில்லை. கறிச்சட்டியில்தான் நண்டுகளுக்கு இடம் போதவில்லை.

யாரோ வந்து குழப்புகிறார்கள் என்ற சந்தேகம் அவனுக்கு அப்போதுதான் வந்தது.

"அன்ரி, ஒரு உதவி. நான் இல்லாத நேரம் இந்தச் சுவரை நீங்கள்தான் பாத்துக்கொள்ளவேணும்."

"அதை என்னட்டை விடுங்கோ" என்றார் லூர்த்தம்மா. "ஒரு நண்டும் என்ரை கண்ணிலை படாமல் போகாது."

திரும்பிப் போகும்போது, வருகிற கிழமையும் நண்டு வராமல் இருந்தால் நல்லது என்று ஒரு நினைப்பு ஓடியது. தன் சுவருக்குத் தானே கேடு நினைத்ததில் பிறேமுக்கு வெட்கமாகிவிட்டது. ஆனாலும் அது உண்மை. கிழமையில் ஆறு நாளும் அவன் வெள்ளிக்கிழமைக்காகத்தான் காத்திருந்தான்.

கெடு முடிந்த வெள்ளிக்கிழமை அருளம்பலம் நேரில் வந்தார். நெற்றி நிறையத் திருநீறு. காற்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டு ஒரு ஓட்டை விடாமல் பார்த்தார்.

"பாசியைத் தவிர ஒண்டும் இல்லையே, பிறேம்."

"இன்னும் ஒரு மாதம் தந்தால், சேர்..."

"நண்டுகளுக்கு உம்மடை வீடு பிடிக்கேல்லை ஐசே. நாளைக்கே மேசனை அனுப்பி அடைக்கிறன்."

லூர்த்தம்மா இருவரையும் கூப்பிட்டார். அருளம்பலத்துக்கு வெள்ளிக்கிழமை விரதம், தேநீர் மட்டும் போதும் என்றார். பிறேமின் தட்டில் வழமைபோல நண்டு. இதுதான் கடைசி என்று நினைத்து, அவன் ஒவ்வொரு காலாக மெதுவாக உடைத்துச் சாப்பிட்டான். இன்னும் கறி எடுக்க லூர்த்தம்மா குசினிக்குள் போனார்.

கேற்றடியில் மீன்காரச் செல்வத்துரையின் சைக்கிள் நின்றது.

"லூர்த்தம்மா, மீன் வேணுமோ?"

பிறேம் தட்டும் கையுமாக வெளியே போனான். "அண்ணை, இனி நான் வரமாட்டன். இவ்வளவு நாளும் எனக்கு ஆறுதல் உங்கடை நண்டுதான்."

செல்வத்துரை தட்டை எட்டிப் பார்த்தார். குசினிக்குள் அகப்பைச் சத்தம் நின்றது.

"என்ரை நண்டோ? மனுசி என்னட்டை நண்டு வாங்கினதே இல்லைத் தம்பி. வியாழக்கிழமை பின்னேரம் எண்டால் வாளியோடை உங்கடை சுவரடியிலைதான் நிக்கும். ஏனெண்டு கேட்டால், நண்டைக் கண்டால் அந்தப் பிள்ளை பிறகு வராதாம்."